1950 கால்பந்து உலகக் கோப்பை: உங்கள் அட்டவணையில் உருகுவேக்கு 7 புள்ளி வருவது ஏன்?

வெற்றிக்கு 3 புள்ளி போட்டிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். அப்போது வெற்றிக்கு 2, டிராவுக்கு 1. திருத்தினால் உருகுவே 5, பிரேசில் 4, ஸ்வீடன் 2, ஸ்பெயின் 1 என்று வரும்.

உருகுவேயுடனான கடைசி ஆட்டம் டிரா ஆனாலே பிரேசிலுக்குக் கோப்பை எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த வருடம் இறுதிப் போட்டி என்றே ஒன்று கிடையாது. நான்கு அணிகள் மோதிய இறுதிச் சுற்றுதான். ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானா மைதானத்தில் இரு அணிகளும் இறங்கும்போது பிரேசிலுக்கு 4 புள்ளி (ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1), உருகுவேக்கு 3 (ஸ்பெயினுடன் 2-2, ஸ்வீடனை 3-2). டிரா ஆகியிருந்தால் 5-4. கடைசி ஆட்டமே பட்டத்தைத் தீர்மானித்தது தற்செயல்தான்.

அந்த ஆட்டத்தின் கோல் வரிசை, நிமிடத்துடன்: ஃபிரியாசா (பிரேசில்) 47, ஸ்கியாஃபினோ (உருகுவே) 66, கிஜியா (உருகுவே) 79. வினாடி வினாவில் 'இறுதிப் போட்டி' என்று எழுதாதீர்கள், விவரம் தெரிந்தவர் எவராவது மடக்கிவிடுவார்.