டிரினிடாட் ஆலைகளும் கரியமில வாயுவும்: கேள்வி பதில்

கரீபியன் கடலில் உள்ள டிரினிடாட் டொபேகோ என்ற சின்னத் தீவு நாட்டின் ஆலைகள் வெளியேற்றும் கரியமில வாயுவைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நான் 24 வருடம் அமோனியா ஆலைகளில் வேலை பார்த்தவன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

சார், அங்கே இருப்பது சுமார் 14 லட்சம் பேர்தான். ஆனால் தலைக்கு வருடம் 20 டன்னுக்கு மேல் கரியமில வாயு என்கிறார்கள். நமக்குத் தலைக்கு 2 டன்தானே? அவ்வளவு காரா ஓட்டுகிறார்கள்? (கல்லூரி மாணவி, திருச்சி)

காரும் உண்டும்மா, ஆனால் இந்தக் கணக்கைத் தூக்கி நிறுத்துவது ஆலைகள். மேற்குக் கரையில் கூவா ஊருக்குப் பக்கத்தில் பாயின்ட் லீசாஸ் தொழிற்பேட்டை இருக்கிறது. உரத்துக்கான அமோனியா, ஒருவகை ஆல்கஹாலான மெத்தனால் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் வரிசையாக நிற்கும். தெற்கே இயற்கை எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கும் ஆலை. 1999-ல் ஏற்றுமதியைத் தொடங்கியது. மின்சாரமும் ஏறக்குறைய முழுக்க எரிவாயுவில்தான். செய்த பொருளில் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறது. புகை மட்டும் அந்த 14 லட்சம் பேர் கணக்கில் ஏறுகிறது. உலக மொத்தத்தில் அந்த நாட்டின் பங்கு 0.1 சதவீதத்தை ஒட்டித்தான். தலைக்கணக்கை மட்டும் வைத்து அந்த மக்களைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

அமோனியாவில் கார்பனே கிடையாதே, பிறகு கரியமில வாயு எங்கிருந்து வருகிறது? (வேதியியல் ஆசிரியர், மதுரை)

நல்ல கேள்வி ஐயா. அமோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். அதை இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனிலிருந்து பிரித்தெடுக்கிறோம். அந்த வேலை நடக்கும் ரிஃபார்மர் உலையின் பார்வைத் துளை வழியாக உள்ளே பார்த்தால், வினையூக்கி நிரப்பிய குழாய்கள் வரிசையாக ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும். அவற்றுக்குள் மீத்தேனும் நீராவியும் சுமார் 800 டிகிரியில் வினைபுரிகின்றன. ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டால் மிஞ்சும் கார்பன் கடைசியில் கரியமில வாயுவாகிறது. இது ஒரு வழி. அந்த உலையைச் சூடாக்க எரிக்கும் எரிவாயுவின் புகை இன்னொரு வழி. இரண்டும் சேர்ந்து ஒரு டன் அமோனியாவுக்கு 1.8 டன்னை ஒட்டி வரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் வழியில் வருவது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். உலைப் புகையில் கரியமில வாயு பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். அதிலிருந்து பிரித்தெடுக்கச் செலவு ஏகப்பட்டது. முதல் வழியில் வருவதோ ஏறக்குறையச் சுத்தமான கரியமில வாயு. ஏனென்றால் அது கொஞ்சம் தங்கினாலும் அடுத்த கட்டத்தில் அமோனியாவை உருவாக்கும் இரும்பு வினையூக்கி கெட்டுவிடும். அதனால் கரைசலில் கழுவிப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்ததை வாங்க ஆள் இல்லையென்றால் உயரமான குழாய் வழியாக வானத்தில் விட்டுவிடுவோம். நிறமில்லை, கண்ணுக்குத் தெரியாது. காசு செலவழித்துப் பிரித்த பொருளை இப்படிக் காற்றில் விடுகிறோமே என்று வேலை பார்த்த காலமெல்லாம் எனக்கு மனசு உறுத்தியிருக்கிறது.

அதைப் பிடித்துப் பூமிக்குள் அனுப்ப முடியாதா?

முடியும். 1973-லேயே அங்கே செய்திருக்கிறார்கள். அமோனியா ஆலையிலிருந்து குழாய் போட்டு, ஃபாரஸ்ட் ரிசர்வ் எண்ணெய் வயலில் கிணறுகளுக்குள் செலுத்தினார்கள். சுற்றுச்சூழலுக்காக அல்ல, பழைய கிணறுகளிலிருந்து கெட்டியான எண்ணெயைக் கூடுதலாக எடுப்பதற்காக. எடுத்த எண்ணெயும் எரிந்து புகையாகத்தான் போகும், அதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனாலும் அந்த மண்ணடியில் வாயு எப்படி நடந்துகொள்ளும் என்ற அனுபவம் அவர்கள் கையில் இருக்கிறது. சுத்தமான வாயுவும் பக்கத்திலேயே பழைய எண்ணெய் வயலும் சேர்ந்து கிடைக்கும் இடங்கள் உலகில் குறைவு. என்னைக் கேட்டால் முதல் காசை அங்கேதான் போட வேண்டும்.

இன்னொரு வழி மெத்தனால். மீத்தேனிலிருந்து மெத்தனால் செய்யும்போது ஹைட்ரஜன் கொஞ்சம் உபரியாக நிற்கும். பக்கத்து அமோனியா ஆலையின் கரியமில வாயுவைக் கொண்டுவந்து சேர்த்தால் அதுவும் மெத்தனாலாகிவிடும்.

யூரியா செய்தால் கரியமில வாயு அதிலேயே அடைந்துவிடும் என்கிறார்களே? (விவசாயி, தஞ்சாவூர்)

அடையும், ஆனால் தங்காது அண்ணே. உங்கள் வீட்டு 45 கிலோ யூரியா மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்ய 33 கிலோ கரியமில வாயு உள்ளே போயிருக்கும். வயலில் தூவி ஈரம் பட்டதும் சில நாட்களில் உடைந்து வெளியே வந்துவிடும். ஆலையில் விட வேண்டியதை வயலில் விடுகிறோம், அவ்வளவுதான்.

சமீப வருடங்களில் அவர்கள் வெளியேற்றம் குறைந்திருக்கிறதாமே, வெற்றிதானே?

அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. 2010-ஐ ஒட்டி உச்சத்தில் இருந்த எரிவாயு உற்பத்தி பிறகு வெகுவாக இறங்கிவிட்டது. எரிவாயு போதாமல் ஆலைகள் மூடின. பாயின்ட்-ஆ-பியர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் 2018-ல் நின்றது, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. 2030-க்குள் 15 சதவீதம் குறைப்பதாக அரசு கொடுத்த வாக்குறுதிகூட, ஒன்றும் செய்யாமல் விட்டால் வரக்கூடிய அளவிலிருந்துதான் கணக்கு. ஆலை ஓடிக்கொண்டே புகை குறைந்தால் சொல்லுங்கள், நானே கைதட்டுகிறேன்.

ஐரோப்பாவின் கார்பன் வரி பாதிக்குமா?

பாதிக்கும். 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் அமோனியாவுக்கும் உரத்துக்கும் அதில் அடங்கிய கரியமில வாயுவுக்கு ஏற்பக் கட்டணம் உண்டு. மெத்தனால் பட்டியலில் இல்லை. வானத்தில் விடும் வாயுவுக்கு முதல் முறையாக ஒரு விலை வருகிறது, அதனால் பிடித்துப் புதைக்கும் திட்டத்துக்கு இனிமேல் கணக்கு ஒத்துவரலாம்.

என் தம்பி அமோனியா ஆலையில் வேலைக்குச் சேர்கிறான். கரியமில வாயு ஆபத்தா?

காற்றைவிடக் கனமானதும்மா, பள்ளத்தில் தேங்கும். வாசனையும் இருக்காது. குழியிலோ தொட்டியிலோ இறங்கும் முன் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மேலே ஒருவர் நிற்காமல் இறங்கவே வேண்டாம். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் சரி.