பாவக்காயில புழு, மொளகா இலை சுருட்டல் – பிறை அக்காவுக்கு பதில்

பினாங்கு மாநிலத்துல இருக்கிற பிறையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "தம்பி, வீட்டுக்குப் பின்னாடி கொடி போட்டு பாவக்கா வெச்சிருக்கேன், விரல் நீளம் வந்ததும் மஞ்சளாயி வளைஞ்சு அழுகிப் போவுது, உள்ள வெள்ளப் புழு. சிலி பாடி மொளகா இலையெல்லாம் சுருண்டு கெடக்கு, தொட்டியில இருக்கிற கத்திரியில வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கு. கடையில ஒரு மருந்து சின்ன பாட்டில்ல ஊத்திக் குடுத்தாங்க, மூணு தடவ அடிச்சும் ஒண்ணும் கேக்கல. விழுந்த காயெல்லாம் உரக்குழியிலதான் போடறேன்."

அக்கா, வணக்கம். மொதல்ல அந்த மருந்த நிறுத்திடுங்க. லேபிள் இல்லாத பாட்டில்ல என்ன இருக்கு, எவ்ளோ கலக்கணும், அடிச்சு எத்தன நாள் கழிச்சு காய் பறிக்கலாம்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, வீட்ல பிள்ளைங்க சாப்புடுற காய்கறிக்கு அது வேணவே வேணாம். நம்ம மலேசியாவுல முறையா பதிவான பூச்சிமருந்துன்னா லேபிள்ல எல்.ஆர்.எம்.பி.ன்னு (LRMP) தொடங்குற பதிவு நம்பர் போட்டிருக்கும், இல்லன்னா வாங்காதீங்க.

இப்ப பாவக்கா. இது பழ ஈ வேலை. பாக்க சின்னக் குளவி மாதிரி, பழுப்பு மஞ்சளா இருக்கும். பொம்பள ஈ பிஞ்சுத் தோலக் குத்தி உள்ள முட்ட விடும், குத்துன எடத்துல பிசின் மாதிரி ஒரு சொட்டு நிக்கும் பாருங்க. ஒண்ணு ரெண்டு நாள்ல பொரிச்சு புழு காய்க்குள்ளயே தின்னு வளருது, அதான் நீங்க வெளிய எத்தன தடவ அடிச்சாலும் அதுமேல படல. வளந்ததும் புழு காய விட்டு வெளிய வந்து மண்ணுக்குள்ள ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆழத்துல கூட்டுப்புழு ஆவுது, ஒரு வாரம் பத்து நாள்ல புது ஈயா வெளிய வருது. அப்ப உங்க உரக்குழி என்னாச்சுன்னு யோசிச்சுப் பாருங்க அக்கா, நீங்களே ஈய வளத்து திரும்ப கொடிக்கு அனுப்பிக்கிட்டு இருக்கீங்க. மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா இத நிறுத்துனாலே பாதி தீந்துடும். இன்னையிலருந்து குத்துப்பட்ட காய், விழுந்த காய் எல்லாத்தையும் கறுப்பு பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டி நல்ல வெயில்ல ஒரு வாரம் வெச்சுட்டு அப்புறம் குப்பைத் தோங்குல போடுங்க. கொடிக்கு அடியில மண்ண லேசா கிளறி விடுங்க, பக்கத்துல கோழி இருந்தா இன்னும் நல்லது, கொத்தித் தின்னுடும்.

அடுத்தது, காய மூடணும். பூ வாடி பிஞ்சு விரல் அளவு வர்றதுக்கு முன்னாடியே பழைய பேப்பர ரெண்டு மடிப்பா குழாய் மாதிரி சுருட்டி மாட்டி, மேல காம்புகிட்ட ஸ்டேப்ளர் அடிங்க. மழையில கிழிஞ்சா மாத்துங்க, ரெண்டு வாரத்துல காய் பறிக்கிற பதத்துக்கு வந்துடும். சிலர் மொத்தக் கொடிக்கும் வலை போட்டுடுறாங்க, அப்ப தேனீ உள்ள வராது, மகரந்தம் சேராம பிஞ்சே நிக்காது, அதனால காய மட்டும் மூடுங்க. பொறி வெக்கணும்னா கடையில கியூ லூர் கேளுங்க, அது ஈய இழுக்கிற வாசனை மருந்து. துளசிய கசக்கி வெக்கிற பொறி மாங்காய தாக்குற ஈக்குத்தான் சரி, பாவக்கா ஈ அதுக்கு வராது. கியூ லூர்லயும் ஆம்பள ஈ மட்டும்தான் மாட்டும், அதனால பொறி வெச்சுட்டேன்னு காய மூடாம விட்டுடாதீங்க.

மொளகாய்க்கு ஒரு வெள்ளப் பேப்பர கீழ புடிச்சு கொழுந்த தட்டிப் பாருங்க. இலை மேல்பக்கமா படகு மாதிரி சுருண்டிருந்தா, பேப்பர்ல பொடியா நீளமா ஏதாச்சும் ஓடுனா இலைப்பேன். கீழ்ப்பக்கமா சுருண்டு இலை ஒடுங்கியிருந்தா சிலந்திப்பேன், அது கண்ணுக்கே தெரியாது. இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, பாத்திரம் கழுவுற சோப்பு லிக்விட் 2 மில்லி, ரெண்டையும் நல்லா கலக்கிட்டு 1 லிட்டர் தண்ணியில ஊத்தி சாயந்திரம் இலையோட அடியில படுற மாதிரி அடிங்க, 5 நாளைக்கு ஒரு தடவ, மழை பேஞ்சா மறுபடியும். விளக்குக்குன்னு விக்கிற எண்ணெய் வேணாம், வேற எண்ணெய் கலந்திருக்கலாம். சிலந்திப்பேன்னா நனையிற கந்தகம் (தண்ணியில கலக்குற கந்தகத்தூள், wettable sulphur) லிட்டருக்கு 2 கிராம், ஆனா எண்ணெய் அடிச்சு ரெண்டு வாரம் ஆவாம கந்தகம் அடிக்கக்கூடாது, இலை கருகிடும்.

கத்திரியில இருக்கிறது மாவுப்பூச்சி. அங்க எறும்பு ஏறுதான்னு பாருங்க, ஏறும், பூச்சி விடுற இனிப்புத் தண்ணிக்காக எறும்புதான் அதுக்குக் காவல் இருக்கு. பூச்சிய பழைய பிரஷ்ல சோப்புத் தண்ணி தொட்டு தேச்சு எடுங்க, தண்ணித் தட்டுக்குள்ள செங்கல் வெச்சு அதுமேல தொட்டிய வைங்க, எறும்பு ஏற முடியாது. தண்ணியில ரெண்டு சொட்டு சோப்பு போட்டு ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மாத்துங்க, இல்லன்னா ஏடிஸ் கொசு முட்ட வெச்சிடும், டெங்கி வேற.

பத்து நாள் இப்படி செஞ்சு பாருங்க. மொளகா கொழுந்து அப்பவும் நிமிரலன்னா ஒரு கிளைய பையில போட்டு பக்கத்துல இருக்கிற விவசாய இலாகா ஆபீசுக்கு எடுத்துட்டுப் போங்க, நோயா பூச்சியான்னு பாத்து சொல்லுவாங்க.