நட்சத்திர பிஸ்கட் பரவாமல் இருக்க

கேள்வி: சென்ற கிறிஸ்துமஸுக்குச் சுக்கு, பட்டை, கிராம்பு பொடித்துப் போட்டு, சர்க்கரைக்குப் பதிலாக வெல்லப்பாகு ஊற்றி, வீட்டு ஓவனில் பிஸ்கட் செய்தேன். நட்சத்திர அச்சில் வெட்டியவை வேகும்போது பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மறுநாளே நமத்தும் போயின. எங்கே தவறினேன்? – ஒரு வாசகி, காட்பாடி.

பதில்: தவறு உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை, பாகில்தான் இருக்கிறது. சூடான பாகு வெண்ணெயை உருக்கிவிடும். பாகில் இருக்கும் நீரோ மாவைத் தளர்த்திவிடும். ஆகவே பாகை விட்டுவிட்டு, நன்றாகச் சலித்த நாட்டுச் சர்க்கரையைப் பயன்படுத்துங்கள். 250 கிராம் மைதாவுக்கு 125 கிராம் வெண்ணெய், அதே அளவு நாட்டுச் சர்க்கரை, ஒரு முட்டை, அரை டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு போதும். சுக்குப்பொடி இரண்டு டீஸ்பூன், பட்டைப்பொடி ஒன்று, கிராம்புப்பொடி கால். கிராம்பு அதற்கு மேல் போனால் நாக்கு மரத்துப் போகும். டிசம்பர் 5 அன்று மாலை நெதர்லாந்தில் தின்னும் ஸ்பெகுலாஸ் பிஸ்கட்டிலும் பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும்தான் மணக்கும் என்பதால், ஜாதிக்காயையும் ஒரு சிட்டிகை துருவிச் சேர்க்கலாம்.

வெண்ணெய் 32 டிகிரியை நெருங்கும்போதே உருகத் தொடங்கும். நம் வேலூர்ப் பக்கத்தில் மார்கழியானாலும், ஓவன் எரியும் சமையலறை அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும் என்பதால், பிசைந்த மாவைத் தட்டையாக்கி மூடி, ஓர் இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வைப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். மசாலா வாசமும் அதற்குள் மாவில் நன்றாக ஊறிவிடும். மறுநாள் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெட்டியதும், தட்டோடு இன்னும் கால் மணி நேரம் குளிர வைத்தால் நட்சத்திரத்தின் முனைகள் மழுங்காமல் நிற்கும். முதல் ஈடு எடுத்த சூட்டுத் தட்டிலேயே அடுத்த ஈட்டை அடுக்கிவிடாதீர்கள். பலருக்கும் இரண்டாம் ஈடு கெடுவது அதனால்தான்.

முன்னதாகவே சூடேற்றிய ஓவனில், 170 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் வேகட்டும். ஓரம் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். அப்போது நடுவில் மெத்தென்றுதான் இருக்கும், ஆற ஆற மொறுமொறுப்பாகும். வெல்லம் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால், முழுவதும் ஆறிய பிறகே எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வையுங்கள். அப்படியும் நமத்தால், 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து ஆறவிடுங்கள்.