மனம்விட்டுப் பேசிய மறுநாள்

உங்கள் தோழி சிறுவயதில் பட்ட கொடுமைகளை முதல்முறையாக உங்களிடம் சொல்லி அழுதார், மறுநாளிலிருந்து மூன்று வாரமாகப் பதிலே இல்லை, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தப்பு எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. மனம்விட்டுப் பேசிவிட்டு ஒதுங்கிப்போகும் இதே பிரச்சினை எனக்கும் உண்டு, அதனால் உங்கள் தோழியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பாதுகாக்க வேண்டியவர்களே வருடக்கணக்கில் காயப்படுத்தியிருந்தால், நெருக்கம் என்றாலே ஆபத்து என்று உடம்பு பழகிவிடும். மனசுக்கு உங்களைப் பிடித்திருக்கும், நெஞ்சு மட்டும் படபடவென்று அடிக்கும். பேசிய அன்று லேசாகத்தான் இருக்கும். விடிந்ததும் ‘எல்லாவற்றையும் கொட்டிவிட்டோமே, இனி நம்மை எப்படிப் பார்ப்பாரோ’ என்று கூச்சம் பிடுங்கித் தின்னும். அப்புறம் போனைக் கவிழ்த்து வைப்பதுதான். ஒரு ‘சாரி’யை நாலு தடவை அடித்து அழித்திருக்கிறேன் நான். நாள் போகப்போகத் தாமதமே இன்னொரு குற்றவுணர்ச்சியாகிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின், 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி (நீண்ட காலக் கொடுமைகள் மனதில் விட்டுச்செல்லும் பாதிப்பு) என்று இதற்குத் தனி இடமே உண்டு. உறவுகளைத் தக்கவைக்க முடியாமல் தவிப்பது அதன் அறிகுறிகளில் ஒன்று. திமிர் இல்லை.

‘ஏன் பதில் இல்லை’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘சும்மா நினைத்தேன், பதில் போட வேண்டாம்’ என்று வாரம் ஒரு வரி போதும். அன்று சொன்னதை நீங்களாகக் கிளறாதீர்கள். ஆனால் சாவைப் பற்றி ஏதாவது பேசியிருந்தால் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம், இன்றே நேரில் போய்ப் பாருங்கள்.