சட்டையில நீலம் ஒட்டுதா? மணியோட ஓட்டையைப் பாருங்க

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "டர்காய்ஸ்னு (நீலப்பச்சை நகைக்கல்) சொல்லி வாங்கின பிரேஸ்லெட், வெள்ளைச் சட்டையோட கைமடிப்புல நீலமா ஒட்டுது. கூட வந்த கார்டுல நேச்சுரல் ஸ்டோன்னு இருக்கு. ஏமாந்துட்டேனா?"

கல்லு கல்லுதாம்மா, பேருதான் பொய். அனேகமா அது சாயம் போட்ட ஹௌலைட், இல்லன்னா மேக்னசைட். ரெண்டுமே வெள்ளைக் கல்லு, சாம்பலும் கறுப்புமா நரம்பு ஓடியிருக்கும், சாயத்தை நல்லா குடிக்கும், அதனாலதான் நீலத்துல முக்கி எடுத்தா டர்காய்ஸ் மாதிரியே நிக்குது. ஹௌலைட்டும் பூமியில கிடைக்கறதுதானே, அதனால 'நேச்சுரல் ஸ்டோன்'ங்கறது பொய்யே கிடையாது. என்ன கல்லு, சாயம் உண்டா இல்லையான்னு சொல்லாத கார்டை கார்டுன்னே நான் மதிக்கறதில்ல, ஆனா அதைத்தான் ஊர் உலகமெல்லாம் அச்சடிச்சு டப்பாக்குள்ள போட்டுட்டு இருக்காங்க, கேக்க ஆளில்ல.

வீட்டுலயே பாக்கலாம். ரெண்டு மணிக்கு நடுவுல நூலை விலக்கிட்டு, மொபைல் டார்ச் அடிச்சு ஓட்டையோட விளிம்பைப் பாருங்க. மேல நீலம், உள்ள சுண்ணாம்பு மாதிரி வெள்ளைன்னா முடிஞ்சது கதை. சில மணியில நரம்பு ஓடற இடத்துலயும் ஓட்டை வாய்லயும் சாயம் தேங்கி அடர்த்தியா தெரியும். இன்னும் சந்தேகம்னா காது குடையற பஞ்சுல அசிட்டோன் (நெயில் பாலிஷ் அழிக்கற திரவத்துல இருக்கறது) தொட்டு, முடிச்சுக்குப் பக்கத்துல மறைவா இருக்கற ஒரு மணியில மட்டும் தடவுங்க. பஞ்சு நீலமானா சாயம். ஆகலைன்னா ஒரிஜினல்னு துள்ளிடாதீங்க, மேல மெழுகோ ரெசினோ (பிளாஸ்டிக் மாதிரி இறுகற பிசின்) பூசியிருந்தா சாயம் வெளிய வராது.

இங்க ஒரு விஷயத்தைப் பொறுமையா கேளுங்க. நிஜ டர்காய்ஸ்லயே நிறையக் கல்லு பொருபொருன்னு இருக்கும், அதுக்குள்ள ரெசின் ஏத்தி கெட்டியாக்கித்தான் நகைக்கு எடுப்பாங்க. ஸ்டெபிலைஸ்டுன்னு சொல்றது அதைத்தான், அது போலி இல்ல, சொல்லி வித்தா தப்பும் இல்ல. ஆனா அதே கல்லுக்குக் கலரும் ஏத்தியிருந்தா அதையும் சொல்லியே ஆகணும். ரெசின் ஏத்தாத டர்காய்ஸ் வேர்வையும் எண்ணெயும் பட்டு நாளாக நாளாக பச்சையாகும், அதைப் பார்த்துட்டு "போலி"ன்னு சண்டைக்குப் போனவங்களும் இருக்காங்க. பச்சையா மாறறது வேற, சட்டையில ஒட்டறது வேற.

'ஒயிட் டர்காய்ஸ்', 'டர்கெனைட்'னு பேர் வெச்சு வித்தா உஷாரா இருங்க, அனேகமா ரெண்டும் ஹௌலைட்டோ மேக்னசைட்டோதான். நடுவுல நின்னு விக்கற ஆளு பேரை மாத்தினாலே விலையை மாத்திடறான். போதாக்குறைக்கு, ராத்திரி பூரா உப்புத்தண்ணியில போட்டு 'எனர்ஜி ஏத்துங்க'ன்னு ஒரு யோசனை வேற குடுப்பாங்க. சாயம் போட்ட கல்லைத் தண்ணியில ஊறவெச்சா என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க.

ஹௌலைட்னு சொல்லி ஹௌலைட் விலைக்கு வித்தா தாராளமா வாங்குங்க, சாயம் போடாத வெள்ளையிலேயே அது அழகு. கல்லோட கடினத்தை ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் சொல்ற மோஸ் அளவுல இது 3.5தான், வீட்டுத் தூசியில இருக்கற குவார்ட்ஸ்ங்கற மணல் துகள் 7, தூசியே கீறிடும், அதனால மோதிரம் வேண்டாம், தோடு, பெண்டன்ட் ஓகே. சென்ட் அடிச்சு முடிச்சுட்டு கடைசியா போடுங்க. வினிகர், எலுமிச்சை, நகையை அதிர வெச்சு சுத்தம் பண்ற அல்ட்ராசோனிக் மெஷின் எதுவும் கிட்ட வரக்கூடாது, ஈரத்துணியால தொடைச்சாப் போதும்.

டர்காய்ஸ் விலை குடுத்திருந்தீங்கன்னா அந்தப் பஞ்சைத் தூக்கிப் போடாம போட்டோ எடுத்து அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேளுங்க. லேப் ரிப்போர்ட் எடுக்கவான்னு கேக்காதீங்க, பிரேஸ்லெட்டை விட ரிப்போர்ட்டுக்குத்தான் அதிகமா ஆகும்.