விர்ச்சுவல் பண்ணை டூர் வச்சு கால்நடை மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கறது: கேள்வி பதில்

கேள்வி: என் கிளாஸ்ல பாதிப்பேர் பண்ணைக்குள்ள காலே வச்சதில்ல. வீடியோ போட்டா என்னத்த கத்துப்பாங்க?

பதில்: பார்க்கக் கத்துப்பாங்க. நேர்ல 40 பேரக் கூட்டிட்டுப் போனா முன்னாடி நிக்கறவங்களுக்கு மட்டும்தான் மாடு தெரியும், வீடியோல எல்லாருக்கும் தெரியும், திரும்பத் திரும்ப ஓட்டவும் செய்யலாம். நான் கொட்டகைய ஓடவிட்டு படுத்திருக்கற பசுவ எண்ணச் சொல்வேன், அப்புறம் அதுல எத்தனை அசை போடுதுன்னு எண்ணச் சொல்வேன், பாதி கூட அசை போடலன்னா தீவனத்துல நார் கம்மியா இல்ல சூடு தாங்கலையான்னு அவங்களே கேட்க ஆரம்பிச்சிடுவாங்க. நொண்டியும் அப்படித்தான், எவ்ளோ மோசமா நொண்டுதுன்னு ஸ்கோர் போடுவோம், ஸ்கோர் கூடினா நொண்டலும் கூட. நிக்கறப்போ முதுகு நேரா இருந்து நடக்கறப்போ வளைஞ்சா ஸ்கோர் 2, நிக்கறப்பவே வளைஞ்சா 3. ஒரே நடைய பத்து தடவை பார்த்தாத்தான் கண்ணுல பிடிபடும். ஆனா ஒண்ணு, வேலை கொடுக்காம வீடியோ போடாதீங்க, தூங்கிடுவாங்க.

கேள்வி: எந்தக் கேமரா வாங்கலாம்?

பதில்: போனும் ஸ்டாண்டும் போதும். மாட்டோட கண் உயரத்துல வைங்க.

கேள்வி: கோழி, பன்றிப் பண்ணைக்கும் சரிவருமா?

பதில்: அங்கதான் ரொம்பத் தேவை. பறவைக் காய்ச்சல், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருக்கறதால வெளியாள விடமாட்டாங்க, விடவும் கூடாது. படம் எடுக்கறவரும் குளிச்சு உடை மாத்தித்தான் போகணும், கேமராவையும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கணும். அதையும் சேர்த்துப் படம் எடுங்க, அதுவும் பாடம்தான்.

கேள்வி: மாட்டத் தொடாம டாக்டரா? இதெல்லாம் ஏமாத்து வேலை.

பதில்: தொடாம ஆக முடியாதுன்னுதான் நானும் சொல்றேன். கோழிக் கொட்டகைல அமோனியா கண்ண எரிக்கறத திரை காட்டாது. வீடியோ முதல்ல, பண்ணை அப்புறம்.

கேள்வி: ஏமாத்து வேலைன்னு மேல கேட்டவர் சொல்றதுதான் சரி. செலவு மிச்சம்னு நிர்வாகம் நேர் விசிட்டையே நிறுத்திடும் பாருங்க.

பதில்: என் பயமும் அதேதான், இதுல உங்க ரெண்டு பேர் பக்கமும்தான் நிக்கறேன். எல்லா வீடியோவும் பார்த்து முடிச்ச மாணவி ஒருத்தி முதல் நாள் பசுவுக்கு நேர் பின்னாடி சத்தமில்லாம நடந்து போனா. பசுவுக்குக் கிட்டத்தட்ட சுத்திலும் தெரியும், நேர் பின்னாடி மட்டும் தெரியாது. உதை தொடைல பட்டுச்சு, நல்லவேளை எலும்பு உடையல. அவளுக்கு அது பாடத்துலயும் இருந்துச்சு, வீடியோலயும் இருந்துச்சு, உடம்புலதான் ஏறல. அதனால நேர் விசிட்டுக்குப் பதிலா இதுன்னு யாராவது எழுதிக் கொண்டுவந்தா கையெழுத்துப் போடாதீங்க.

கேள்வி: நல்ல கேமரா எது சார்?

பதில்: மேல படிங்க.

கேள்வி: என் நாய் ரெண்டு நாளா வாந்தி எடுக்குது.

பதில்: இங்க காத்திருக்காதீங்க, இப்பவே பக்கத்துல இருக்கற டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: எவ்ளோ நேரம் ஓட்டலாம்?

பதில்: பத்து நிமிஷம். வேலை கொடுத்துட்டு.

கேள்வி: பதிவா, நேரலையா?

பதில்: நோயும் நடையும் பார்க்கப் பதிவு, விவசாயிகிட்ட பேச நேரலை. ஒரு தடவை மடிநோய் வந்த பசுவுக்கு ஏன் உடனே ஆன்டிபயாடிக் போடலன்னு ஒரு பையன் கேட்டான், போட்டா மருந்து பால்ல வர்ற அத்தனை நாள் பாலையும் கீழ கொட்டணும் தம்பி, அந்தக் கணக்க யார் பார்க்கறதுன்னார் அவர். அன்னிக்கு மீதி நேரம் முழுக்க அந்தக் கணக்கத்தான் கிளாஸே போட்டுப் பார்த்துச்சு.