கெர்ரி குழந்தை வழக்கு: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: அயர்லாந்தில் 1984இல் கடற்கரையில் சடலமாகக் கிடைத்த ‘கெர்ரி குழந்தை’யின் வழக்கில், ஒரு குடும்பமே குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டதாகப் படித்தேன். அப்படியிருந்தும் அந்த வழக்கு நிற்காமல் போனது ஏன்?
– வாசகி ஒருவர், திருநெல்வேலி.

பதில்: அந்த வாக்குமூலங்களில் இருந்தவை நடந்திருக்கவே முடியாதவை என்பதுதான் காரணம். 1984 ஏப்ரல் 14 அன்று, கெர்ரி மாவட்டத்தின் காஹர்சிவீன் ஊரை ஒட்டிய ஒயிட் ஸ்ட்ராண்ட் கடற்கரையில் பிறந்து சில நாட்களே ஆகியிருந்த ஆண் சிசுவின் உடல் கிடைத்தது. கழுத்து முறிக்கப்பட்டு, 28 இடங்களில் கத்தியால் குத்தப்பட்டிருந்த அந்தப் பச்சிளம் உடலுக்கு ஜான் என்று பெயரிட்டு அடக்கம் செய்தார்கள்.

அதே நாட்களில், சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் ட்ராலி நகருக்கு அருகே வசித்த, திருமணமாகாத இளம் பெண் ஒருவர் கர்ப்பமாக இருந்ததும், அவரிடம் குழந்தை இல்லாததும் காவல்துறைக்குத் தெரியவந்தது. விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவரும் அவருடைய குடும்பத்தாரும், வீட்டில் குழந்தையைக் குத்திக் கொன்று, பிளாஸ்டிக் பையில் சுற்றி, இரவோடு இரவாகக் காரில் கொண்டுபோய்க் கடலில் எறிந்ததாக எழுதப்பட்ட தாள்களில் கையெழுத்திட்டார்கள். அவர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. ஆனால் தன் குழந்தை பிறந்தவுடனேயே இறந்துவிட்டது, பண்ணை நிலத்திலேயே புதைத்தேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தேடியபோது அந்த உடல் அவர் சொன்ன நிலத்திலேயே கிடைத்தது.

அத்தோடு ரத்தப் பிரிவும் பொருந்தவில்லை. அவருக்கும் அவருடைய காதலருக்கும் ‘ஓ’ பிரிவு. கடற்கரைக் குழந்தைக்கு ‘ஏ’ பிரிவு. ‘ஓ’ பிரிவுப் பெற்றோர் இருவருக்கு ‘ஏ’ பிரிவுக் குழந்தை பிறப்பதில்லை. இங்கேயே விசாரணையை முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு மாறாக, அவர் ஒரே சமயத்தில் இரண்டு ஆண்களால் இரட்டைக் குழந்தைகளைக் கருவுற்றிருக்கலாம் என்று ஒரு கருத்தைக் காவல்துறை முன்வைத்தது. மருத்துவத்தில் மிக அரிதாக அப்படி நேர்வதுண்டு. இந்த வழக்கிலோ அதற்கு எந்தச் சான்றும் இல்லை. கருத்தடைச் சாதனங்களைச் சட்டம் கட்டுப்படுத்தியிருந்த, விவாகரத்துக்கு இடமில்லாத அன்றைய அயர்லாந்தில், மணமான ஒருவரைக் காதலித்த பெண் எதையும் செய்யக்கூடியவள் என்று நம்பப் பலர் தயாராக இருந்தார்கள்.

1984 அக்டோபரில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. காவல்துறையின் நடத்தையை ஆராய 1985இல் கூடிய நீதிபதி கெவின் லிஞ்ச் தலைமையிலான விசாரணை மன்றமும், அந்தப் பெண்ணின் அந்தரங்கத்தையே பல நாட்கள் துருவியது. காஹர்சிவீன் குழந்தையின் தாய் அவரல்ல என்று ஏற்றுக்கொண்ட அந்த அறிக்கை, தன் குழந்தையின் சாவுக்கு அவரே காரணம் என்றும் எழுதிவைத்தது. அந்தக் குழந்தை எப்படி இறந்தது என்பதை மருத்துவச் சான்று உறுதி செய்யாத நிலையில் இப்படி எழுதியதை மன்னிக்கவே முடியாது என்பது என் கருத்து. அவர்மீது சொல்லப்பட்ட குற்றங்களுக்கு ஆதாரமில்லை என்று உயர் நீதிமன்றம் அறிவிக்க 2020 டிசம்பர் வரை ஆயிற்று.

ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்குவதில் செலவான அந்த மாதங்களில், ஜானைக் கொன்றவரைத் தேடும் வேலை நின்றுபோனது. பாதுகாக்கப்பட்டிருந்த மாதிரியிலிருந்து எடுத்த டி.என்.ஏ. விவரம், அந்தப் பெண் ஜானின் தாயல்ல என்பதை 2018இல் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. காவல்துறை மன்னிப்புக் கேட்டு, வழக்கை மீண்டும் திறந்தது. 2021இல் குழந்தையின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2023 மார்ச்சில் கைதான ஓர் ஆணும் ஒரு பெண்ணும் குற்றம் சாட்டப்படாமலேயே விடுவிக்கப்பட்டார்கள்.